ஒரு கூரை, பல அடுப்பு

புதுக்கோட்டை டவுனில் வீடு தேடி அலைகிறவரிடம் வாடகைப் பேச்சு மூன்றாவதாகத்தான் வரும். முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" அடுத்தது, "சொந்த ஊரு எது?" கறம்பக்குடிப் பக்கம், இலுப்பூர்ப் பக்கம், மணமேல்குடிப் பக்கம் என்று பதில் வந்ததும் கேட்டவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். கணக்கு பிடிபடவில்லையென்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது: "குலதெய்வம் எங்க?" சாதியை வாய்விட்டுக் கேட்டால் அநாகரிகம். கோயிலைக் கேட்டால் பக்தி.

ஒற்றை ஆளாக வந்தவருக்கு இதோடு முடியும். மூன்று பேர் சேர்ந்து வந்தால் விசாரணை நீளும். "நீங்க மூணு பேரும் என்ன உறவு?" நண்பர்கள் என்று சொன்னால் எடுபடாது. சித்தப்பா மகன், ஒரே ஊர், ஒரே ஆபீஸ் என்று ஏதாவது ஒரு கயிறு வேண்டும். வந்தவர்கள் பெண்களாக இருந்தால் அந்தக் கயிறும் போதாது. அப்பாவோ அண்ணனோ ஒருமுறை நேரில் வந்து முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இங்கே பெருகிக்கொண்டேயிருக்கிறார்கள். 2017-ல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2024-ல் நகராட்சி மாநகராட்சியானது. பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், மாற்றலாகி வந்த வங்கி ஊழியர்கள், வெளிமாவட்ட ஆசிரியைகள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒருவர் சம்பளத்தில் தனி வீடு கட்டுப்படியாகாது, விடுதிச் சாப்பாடும் கேட்டுக்குப் பூட்டு போடும் நேரமும் ஒத்துவராது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் என்ன என்று யோசிக்கிறார்கள்.

அந்நியரோடு ஒரு வீட்டில் இருப்பது நம் ஊர்ப் பழக்கமில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்த மாவட்டத்தின் கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வீட்டைப் பங்கு போட்டு வாழும் கலையை இவ்வளவு நுணுக்கமாகக் கற்றுவைத்த பகுதி தமிழ்நாட்டில் வேறு எங்காவது இருக்குமா என்பதே சந்தேகம்தான்.

வளவும் கிட்டங்கியும்

செட்டிநாடு என்றதும் காரைக்குடியும் கானாடுகாத்தானும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். அதில் ஒரு பெரும்பங்கு புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் கிடக்கிறது. ராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி, கடியாபட்டியை ஒட்டிய ராமச்சந்திரபுரம் என்று வரிசையாகச் சொல்லலாம். தெரு விட்டுத் தெரு நீளும் இந்த வீடுகளின் தேக்குத் தூணையும் இத்தாலிப் பளிங்கையும் படம் பிடிக்கிறவர்கள் அதிகம். உள்ளே யார் எப்படி இருந்தார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு.

முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் கணக்கில் கல்யாணமான ஆண் ஒரு 'புள்ளி'. கோயில் வரி முதல் வீட்டுப் பங்கு வரை எல்லாம் புள்ளிக் கணக்குத்தான். கல்யாணமாகிச் சில காலம் போனதும் பெற்றோர் இளந்தம்பதியை 'வேறு வைப்பார்கள்'. வேறு வைத்தல் என்றால் வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வளவில், அதே கூரையின் கீழ் அடுப்பை மட்டும் பிரிப்பது. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, இவ்வளவு பணம் என்று பேசிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டியது மருமகளின் பாடு. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுப்பும் ஒரே கூரைக்குள் தனித்தனிச் சமையல் என்ற இந்த ஏற்பாட்டைக் குறித்து வைத்திருக்கிறது.

இன்றைக்கு மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்தால் முதல் மாதமே சண்டை வரும் இடங்கள் எவை? யார் சமைப்பது, யார் எவ்வளவு போடுவது, யாருடைய பொருள் எங்கே இருப்பது. இந்த மூன்றுக்கும் வளவில் எழுதாத சட்டம் இருந்தது. அவரவர் சாமான் அவரவர் அறையில், பூட்டிய பூட்டுக்குள். கல்யாணம், சாவு, விருந்து என்றால் வளவு எல்லோருக்கும் பொது. சமையல் தனி. சண்டை வராமல் இல்லை. மாமியார், ஓரகத்தி, நாத்தனார் எல்லோரும் ஒரே முற்றத்தில் நடமாடினால் வராமலா இருக்கும்? ஆனால் சண்டை போட்டவர்கள் மறுநாளும் அதே முற்றத்தில்தான் கோலம் போட்டாக வேண்டும். வெளியேறும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த ஏற்பாட்டின் பலமும் கொடுமையும் இதுதான். இன்று அந்த வீடுகளில் பல இடிந்து தூண் தூணாக விற்பனைக்குப் போவதற்கும் இதே பங்குக் கணக்கு ஒரு காரணம். மூன்று தலைமுறையில் பங்காளிகள் பெருகிவிட்டார்கள். ஓடு மாற்றுவதென்றாலும் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

மனைவி வளவில் இருக்க, கணவன் எங்கே இருந்தான்? கடல் தாண்டி இன்னொரு பொது வீட்டில். பெயர் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கிலும் ரங்கூன் மொகல் தெருவிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார் கடைகள் இந்தக் கிட்டங்கிகளில்தான் நடந்தன. நீளக் கூடம், பக்கச் சுவரோரமாகத் தாழ்வான மேசைகள். ஒரு மேசையும் ஒரு பெட்டகமும் ஒரு கடை. பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரியும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று ஒவ்வொரு கடைக்கும் தனிப் படிநிலை. சம்பளச் சீட்டு எழுதி அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். குடும்பத்தைக் கூட்டிப்போவது வழக்கத்தில் இல்லை. ஆக, கல்யாணமான தம்பதியில் அவன் நாற்பது ஆண்களோடு ஒரு கூடத்தில், அவள் நாலு ஓரகத்திகளோடு ஒரு வளவில். இரண்டு பேருக்கும் வாழ்க்கையின் நல்ல பகுதி கூடத் தங்கியவர்களோடுதான் கழிந்தது. இதை யாரும் சீரழிவு என்று சொன்னதில்லை. தொழில் என்றார்கள், கட்டுப்பாடு என்றார்கள்.

ஏன் சொல்லவில்லை? பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் யாரென்று ஊருக்குத் தெரியும் என்பதால். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவன், கொடுக்கல் வாங்கல் உள்ளவன், ஒழுங்கு தவறினால் அடுத்த கப்பலில் கடிதம் ஊருக்குப் போய்விடும். கண்காணிப்பு கூடவே படுத்திருந்தது. 1970களில் நகரச் சீரமைப்பு மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளை விழுங்கியது. அவர்கள் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது.

மேல் கட்டில், கீழ்க் கட்டில்

அந்தக் கப்பல் பயணம் நின்ற பிறகு மாவட்டம் சும்மா இருக்கவில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் எனக் கடலோரமும், அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் என உள்நாடும் விமானம் ஏறியது. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 16,18,345. ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள். மாநில சராசரி 996. ஆண்கள் எங்கே என்று கேட்டால் வளைகுடாவையும் சிங்கப்பூரையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

துபாயிலும் ஷார்ஜாவிலும் இப்படிச் சேர்ந்து தங்குவதன் பெயர் பெட் ஸ்பேஸ். வீடு கிடையாது, அறை கிடையாது, வாடகை கட்டிலுக்கு. விளம்பரச் சீட்டில் 'தமிழ் பேச்சிலர் மட்டும்' என்று எழுதியிருக்கும், சிலதில் மதமும் இருக்கும். விசிட் விசாவில் போய் இறங்குகிறவனுக்கு 'ஊர் ரூம்' என்று ஒன்று உண்டு. வேலை கிடைக்கும்வரை மெஸ் காசு கேட்க மாட்டார்கள். கிடைத்ததும் அவன் தன் முறைக்கு அடுத்தவனைத் தாங்குவான். சமையல் முறை சுவரில் ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை பிரியாணி யார் தலையில் என்பது பெரிய விவாதம். ஊரில் தட்டைக் கழுவாதவன் அங்கே மீன்குழம்பு வைக்கக் கற்றுக்கொள்கிறான். திரும்பி வந்ததும் மறந்துபோகிறான் என்பது வீட்டுப் பெண்களின் புகார்.

அங்கேயும் பேச்சிலர் என்றால் முகச்சுளிப்புத்தான். 2000களின் பிற்பகுதியில் துபாய் மாநகராட்சி 'ஒரு வில்லா, ஒரு குடும்பம்' என்று சொல்லிக் குடும்பக் குடியிருப்புகளிலிருந்து ஆண் கூட்டங்களை வெளியேற்றியது. சிங்கப்பூரில் தொழிலாளர் தங்குமிடங்களில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்த நேரத்தில் 2020 கொரோனா வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, அரசு சொன்ன கணக்கில் 47 சதவீதம் பேருக்கு, தொற்று வந்து போயிருந்தது. அதற்குப் பிறகுதான் புதிதாகக் கட்டும் தங்குமிடங்களில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும் என்ற விதி வந்தது. நம் கணக்கில் 45 சதுர அடி. 2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிந்தது. இந்திய விமானப்படை விமானத்தில் வந்த 45 உடல்களில் 7 தமிழ்நாட்டுக்காரர்களுடையவை.

பத்துப் பேரோடு அறையில் கிடந்து அனுப்பிய பணத்தில் இங்கே எழும் வீட்டில் மாடி போர்ஷன் ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் வாசலில் 'குடும்பத்திற்கு மட்டும்' என்று ஒரு அட்டை தொங்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இன்று இந்த மாவட்டத்தின் கட்டட வேலையிலும் ஓட்டல் அடுப்படியிலும் நிற்கிறார்கள். எட்டுப் பேர், பத்துப் பேர் ஒரு தகரக் கொட்டகையில் இருப்பார்கள். வாடகை தலைக்கு இவ்வளவு. 1979-ன் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் தங்குமிடத்துக்கு ஒப்பந்தக்காரரைப் பொறுப்பாக்கியது. நடைமுறையில் தொழிலாளியே தேடிக்கொள்கிறான். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது மாநில அரசே மறுப்பு சொல்ல வேண்டி வந்தது. ஆனால் அவர்களைப் பற்றித் தெருவில் ஓடும் இழிவான பேச்சை யாரும் மறுப்பதில்லை, அது பொய் வீடியோ இல்லாமலே ஓடுகிறது. சிங்கப்பூர்க்காரன் நம் பையனைப் பற்றி இப்படிப் பேசினால் நமக்குச் சுருக்கென்று இருக்கும்.

பெண்கள் சேர்ந்திருந்தால்

ஆண்கள் கூட்டமாக இருந்தால் சத்தம், குப்பை, தண்ணிச் செலவு என்பார்கள். பெண்கள் சேர்ந்திருந்தால் குணத்தையே கேள்வி கேட்பார்கள். இந்த வித்தியாசத்துக்கும் புதுக்கோட்டையிலேயே பழைய சாட்சி இருக்கிறது.

1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு வந்தது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பயந்தார்கள். அவருடைய தாயின் தேவதாசி மரபும் பேச்சில் அடிபட்டது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்த்துக்கொண்டார். மூடிய வண்டியில் வந்து, மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துப் போன அந்தப் பெண் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1927-ல் சட்ட மேலவைக்குள் போய் அதன் துணைத் தலைவரானார். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

அவ்வளவாகச் சொல்லப்படாத பகுதி 1930-ல் வருகிறது. தேவதாசி முறையிலிருந்து தப்பிய சில இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்கப் பார்த்தார். சென்னையில் பிராமணப் பெண்களுக்கு ஒரு விடுதி இருந்தது, பிராமணர் அல்லாதாருக்கு ஒன்று இருந்தது. இரண்டுமே இடமில்லை என்றன. கட்டில் காலியாக இல்லை என்பதால் வந்த மறுப்பில்லை அது. அந்தப் பெண்களோடு ஒரே கூடத்தில் மற்றவர் மகள்கள் படுக்கக் கூடாது என்பதுதான் விஷயம். முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் பின்னாளில் அடையாறில் நிலைத்த அவ்வை இல்லம். 1954-ல் அவர் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. யார் யாரோடு தங்கலாம் என்று ஊர் வகுத்த கோட்டை, ஒரு புதுக்கோட்டைப் பெண் தன் வீட்டுக் கதவைத் திறந்து அழித்த சம்பவம் அது.

அறுபது வருஷம் கழித்து ஒரு சைக்கிள் வந்தது. 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் மாவட்டத்தில் நடந்தபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண் சைக்கிளில் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிப் புதுக்கோட்டை வீதிகளில் ஓட்டிப் போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை உலகத்துக்கு எழுதினார். கேலியும் ஆபாசப் பேச்சும் இல்லாமலில்லை. முத்துலட்சுமிக்கு மூடிய வண்டி, இவர்களுக்குத் திறந்த சாலை. அன்று சைக்கிள் கற்ற பெண்களின் மகள்களும் பேத்திகளும்தான் இன்று செவிலியராக, வங்கி எழுத்தராக வெளியூரில் அறை தேடுகிறார்கள். அம்மா சைக்கிளில் போனதைப் பெருமையாகச் சொல்லும் வீட்டிலேயே, மகள் தோழியோடு தனி வீடு எடுப்பதென்றால் 'ஹாஸ்டல்லயே இரு' என்கிறார்கள்.

அதே காலகட்டத்தில் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் தொடங்கிய ஸ்டெப்ஸ் அமைப்பு, அடிபட்டு வெளியேறிய பெண்கள் வந்து சேரும் இடமாயிற்று. அதிலிருந்தே பெண்கள் ஜமாத் பிறந்தது, பரம்பூரில் பெண்களுக்கென்று மசூதி கட்டும் முயற்சியும் எழுந்தது. தலாக் வழக்கைப் பெண்கள் விசாரிப்பதா என்று ஆண் ஜமாத்துகள் கொதித்தன. ஆண் துணையில்லாத பெண்கள் ஓரிடத்தில் கூடினாலே ஊருக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று யோசித்தால், தங்களை யாரும் கேட்கவில்லையே என்ற வருத்தம்தான் காரணமோ என்றுகூடத் தோன்றும்.

அரசு பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்தியதும் ஒரு குற்றத்துக்குப் பிறகுதான். 2014 ஜூனில் பொள்ளாச்சி விடுதியொன்றில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், அதே ஆண்டில் மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உரிமம் வேண்டும், காப்பாளர் வேண்டும், காவலாளி வேண்டும். தேவையான சட்டம். ஆனால் அதை வீட்டுக்காரர்கள் தங்களுக்கான காப்பாளர் பட்டமாக எடுத்துக்கொண்டார்களோ என்னவோ. இரவுப் பணி முடிந்து வரும் செவிலியர் எத்தனை மணிக்குக் கேட்டைத் திறந்தார் என்பது கீழ்வீட்டு நாட்குறிப்பில் ஏறுகிறது.

தண்ணீர்க் குடம்

இத்தனைக்கும் அடியில் சாதி கிடக்கிறது. இந்த மாவட்டத்தில் அதை எழுதாமல் தாண்ட முடியாது. 2022 டிசம்பர் 26. வேங்கைவயலில் பட்டியல் சமூகக் குடும்பங்கள் தண்ணீர் எடுத்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேயும் அதையொட்டிய இறையூரில் டீக்கடை இரட்டைக் குவளையையும் கோயிலுக்குள் அனுமதி மறுக்கப்பட்டதையும் கண்டார்கள். அம்மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீது குற்றம்சாட்டியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. குவளையைப் பகிராத ஊரிலிருந்து வரும் இரண்டு பையன்கள் டவுனில் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அறைத்தோழமை என்பது அவர்களுக்குச் செலவுப் பங்கீடு மட்டுமா?

நம் அரசு விடுதிகளே ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி, கள்ளர் விடுதி என்று துறைவாரியாகப் பிரிந்து நிற்கின்றன. அவை இல்லாமல் லட்சக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகள் படித்திருக்க முடியாது என்பதும் உண்மை. 2025 ஜூலையில் முதல்வர் ஸ்டாலின் இவை அனைத்தும் இனி 'சமூகநீதி விடுதி' என்று அழைக்கப்படும் என்றார். பலகை மாறியது. உள்ளே பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் யார் என்பது மாற, துறைகள் ஒன்றாக வேண்டும்.

தனி வீடுகளில் சட்டம் இன்னும் தயங்குகிறது. அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. தீண்டாமையின் பேரில் குடியிருக்கவிடாமல் தடுப்பது 1955 குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் எந்த வீட்டுக்காரர் அதைக் காரணமாகச் சொல்வார்? "மாடிக்கு நாங்களே வரலாம்னு இருக்கோம்" என்பார். அமெரிக்காவும் பிரிட்டனும் 1968-லேயே வீடு மறுப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. அங்கேயும் உரிமையாளர் தானே குடியிருக்கும் சிறு வீடுகளுக்கு விலக்கு வைத்தார்கள். தன் கூரைக்குள் யார் வரலாம் என்பதில் உலகமே கொஞ்சம் கோணல்தான்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. சேர்ந்து தங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் "ஒருத்தர் பேர்ல போட்டா போதும், பொறுப்பு ஒருத்தர்ட்ட இருக்கட்டும்" என்பார்கள். நண்பர்களும் தலையாட்டிவிடுவார்கள். அந்த ஒருவருக்கு மாற்றல் வந்தால் மீதி இரண்டு பேர் காகிதத்தில் யாருமில்லை. உரிமையாளர் சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு இருப்பதாகக்கூடச் சொல்லிவிடலாம். அட்வான்ஸும் போனவர் பெயரில்தான் திரும்பும். மூன்று பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்றும் ஒரு வரி சேருங்கள். வீட்டுக்காரர் முனகுவார். "நீங்க மூணு பேரும் என்ன உறவு?" என்று கேட்டவர்தானே, ஒப்பந்தத்தில் அதற்குப் பதில் 'கூட்டு வாடகைதாரர்கள்' என்று இருக்கட்டும்.